மொட்டமாடியில ஒரு டார்ஜீலிங் எஞ்சினும் பக்கத்து ஊட்டு பாய்லர்காரரும்

பொம்ம ரயிலுன்னு நெனச்சு வாங்குனது என் தப்புதானுங்க. சின்ன வயசுல இருந்து ஆச மேட்டுப்பாளையம் எஞ்சின் மேலதான், அது கெடைக்கல, செகண்ட் ஹேண்டுல டார்ஜீலிங் பி கிளாஸ்தான் மாட்டுச்சு. நெசமான எஞ்சின் 1889ல இருந்து மலையேறுனது, முன்னாடி ரெண்டு பேரு ஒக்காந்து சக்கரம் வழுக்காம மணல் தூவுவாங்களே அது. நம்மது அதுல 19ல ஒரு பங்கு சைஸு, 32 மில்லிமீட்டர் தண்டவாளம். ஆனா மோட்டாரும் இல்ல பேட்டரியும் இல்ல, செம்பு பாய்லருக்கு கீழ கேஸ் பர்னர், தண்ணி கொதிச்சு ஆவி வந்து பிஸ்டன தள்ளுனாத்தான் நகரும்.

திருப்பூருல எங்க மொட்டமாடியில ரவுண்டா தண்டவாளம் போட்டு ஆடி மாசத்துல மொத ஓட்டம். புத்தி இருக்கறவன் ஆடியில செய்வானா, பாலக்காட்டுப் பக்கமிருந்து வர்ற காத்துல பர்னர் மூணு தடவ அணஞ்சு போச்சு, அப்புறம் பழைய பிளக்ஸ் பேனர மறப்பு கட்டி பத்த வெச்சேன். ஓடுச்சுங்க! ரெண்டு தடவ தண்ணி ஊத்தி ஓட்டற வரைக்கும் ஜோரா ஓடுச்சு, மூணாவது தடவ கரகரன்னு சத்தம் வந்து நொண்டி நொண்டி நின்னுடுச்சு.

சத்தம் கேட்டு பக்கத்து ஊட்டு அண்ணன் மேல வந்தாருங்க, சாயப்பட்டறையில பாய்லர் ஆப்பரேட்டரா இருந்தவரு. எஞ்சின ஒரு பார்வ பாத்துட்டு மொத கேள்வியே "என்ன தண்ணி கண்ணு ஊத்துன?" போர் தண்ணிங்கண்ணான்னேன். "அங்க நாங்க சாஃப்ட்னர்ல போகாத தண்ணிய ஒரு சொட்டு உட மாட்டோம், நீ இந்த சுண்டக்கா பாய்லர்ல உப்பு தண்ணிய ஊத்தற, உள்ள படிஞ்சா எதைய உட்டு சொரண்டுவ?" பதிலில்ல என்கிட்ட.

அடுத்து "ஆயிலு எங்க?"ன்னாரு. டிரைவர் நிக்கற எடத்துல வெரல் சைஸுக்கு ஒரு பித்தள டப்பி இருக்கும், காட்டுனேன். பிரஷர் எறங்கற வரைக்கும் தொட உடல, அப்புறம் மூடிய தெறந்தா உள்ள பூரா தண்ணி! ஆவி அதுக்குள்ள போயி குளுந்து தண்ணியாகி அடியில எறங்கும், ஆயிலு மெதந்து மேல வந்து ஆவியோட சிலிண்டருக்குப் போகும், அதான் ஏற்பாடு. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அந்தத் தண்ணிய உறிஞ்சிட்டு ஆயிலு நெரப்போணும், நான் ஒரு தடவ கூட செய்யல. சிரிஞ்சுல தண்ணிய எடுத்துட்டு ஸ்டீம் ஆயில ஊத்துனோம், சத்தம் போயே போச்சு. சித்த நேரம் பாத்துட்டுப் போறேன்னு ஒக்காந்தவரு இருட்டி எறங்குனாரு. இப்ப டிஸ்டில்டு வாட்டர்தானுங்க.

*

அண்ணா, உங்க டார்ஜீலிங் எஞ்சின் கதைய படிச்சேனுங்க, நான் மேட்டுப்பாளையம். நம்மூருல இருந்து ஊட்டி மலையேறுற எக்ஸ் கிளாஸ் எஞ்சின சின்னதா சொந்தமா செய்யலாம்னு எறங்கி முழிச்சுட்டு இருக்கறனுங்க. மீட்டர் கேஜு, அதாவது தண்டவாளத்துக்கு நடுவுல ஒரு மீட்டர் அகலங்கறதால இருபத்திரண்டரையில ஒரு பங்கா சுருக்குனா 45 மில்லிமீட்டர் தண்டவாளத்துக்கு சரியா வருது, அது லேசு. சிக்கலு சிலிண்டருதான், நாலு இருக்குது. கல்லாறு தாண்டி பல் தண்டவாளம் வந்ததும் கீழ் சிலிண்டர்ல வேல செஞ்ச ஆவியே மேல் சிலிண்டருக்குப் போயி பல்சக்கரத்தச் சுத்தும், 12 அடிக்கு ஒரு அடி ஏத்தத்த வேறெப்படி ஏர்றது. அந்தப் பல்சக்கரம் வெட்டித்தர கோயமுத்தூருல ஒரு கியர் பட்டறைக்கு போன் போட்டேன். "எத்தன ஆயிரம் பீஸுங்க?"ன்னாரு. ஒரே ஒண்ணுங்கன்னேன், லைனு கட்டாயிருச்சு.