கழுதை, கோவேறு கழுதை எரு: வட்டாரக் கணக்கை எப்படி வாசிப்பது?

நிலமகள்:
வணக்கம். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் தரவுத்தளத்தில் ‘நிலத்தில் இடப்பட்ட எரு’ பகுதியிலிருந்து கழுதை, கோவேறு கழுதை இரண்டை மட்டும் எடுத்து 1961 முதல் வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஆப்பிரிக்காவின் கோடு ஏறுகிறது, சீனாவின் கோடு 1990-களுக்குப் பிறகு சரிகிறது. சீன உழவர்கள் கழுதை எருவைக் கைவிட்டுவிட்டார்களா? ஆப்பிரிக்காவில் எரு போடும் பழக்கம் பரவுகிறதா? அளவு டன்னில் இல்லாமல் கிலோ தழைச்சத்தாக (நைட்ரஜனாக) இருப்பதும் குழப்புகிறது. ‘மேய்ச்சல் நிலத்தில் விடப்பட்டது’ என்று இன்னொரு பகுதி வேறு. எதைப் பார்க்க வேண்டும்?

எருக்குழி:
சகோதரி, முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். அந்த எண்ணுக்காக யாரும் எந்த வயலிலும் எரு நிறுத்துப் பார்க்கவில்லை. தலைக்கணக்கை எடுத்து, ஒரு தலைக்கு இவ்வளவு தழைச்சத்து என்று பெருக்கி வந்த எண் அது. ஐ.நா.வின் பருவநிலை மாற்றக் குழு (IPCC) வெளியிட்ட 2006 வழிகாட்டியில் கழுதையின் எடை 130 கிலோ. ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்காவுக்கு 1,000 கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.46 கிலோ தழைச்சத்து. பெருக்கினால் ஒரு கழுதைக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 22 கிலோ. மேற்கு ஐரோப்பாவுக்கு அதே இடத்தில் 0.26தான்.

ஆகவே நீங்கள் பார்க்கும் கோடு உழவர்களின் பழக்கத்தைச் சொல்லவில்லை, கழுதைகளின் எண்ணிக்கையைச் சொல்கிறது. சீனாவில் 1990-களில் 1 கோடிக்கு மேல் இருந்தவை 2010-களின் இறுதியில் 30 லட்சத்துக்கும் கீழே போயின. ஒரு பக்கம் டிராக்டர், மூன்று சக்கர வண்டி. இன்னொரு பக்கம் தோலைக் காய்ச்சி எடுக்கும் எஜியாவோ மருந்துக்காக அறுப்பு. அந்தத் தேவை பிறகு ஆப்பிரிக்காவைத் தொட்டது. 2024 பிப்ரவரியில் ஆப்பிரிக்க ஒன்றியம் தோலுக்காகக் கழுதையை அறுப்பதற்குத் தடை விதிக்க முடிவெடுத்ததை இதோடு சேர்த்துப் பாருங்கள். உலகிலேயே கழுதை அதிகம் எத்தியோப்பியாவில். அங்கே அது தண்ணீரும் தானியமும் விறகும் சுமக்கிறது. எருவுக்காக யாரும் வளர்ப்பதில்லை.

கோவேறு கழுதையைத் தனிக் கோடாகப் போடுங்கள். அது தானாகப் பெருகாது. ஆண் கழுதையும் பெண் குதிரையும் வேண்டும். அதனால் கழுதை குறைந்த வட்டாரத்தில் அதற்கும் நாளடைவில் தட்டுப்பாடு வரும்.

தொழுவம்:
எருக்குழி ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அந்த 22 கிலோவில் விட்டையும் மூத்திரமும் அடக்கம். சுமை இழுக்கும் கழுதையின் பகல் முழுவதும் சாலையிலும் சந்தையிலும் கழிகிறது. கொட்டிலில் இரவு விழுவதுதான் எருக்குழிக்கு வரும். வைக்கோல் விரிக்காவிட்டால் மூத்திரமும் மண்ணோடு போய்விடும். சில வட்டாரங்களில் விட்டையைக் காயவைத்து அடுப்பெரிக்கிறார்கள், அதுவும் வயலுக்கு வராது. ‘இடப்பட்டது’, ‘மேய்ச்சல் நிலத்தில் விடப்பட்டது’ இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும்.

நிலமகள்:
மிக்க நன்றி. என் தலைப்பையே மாற்ற வேண்டும் போலிருக்கிறது. கடைசியாக ஒன்று: மாட்டுச் சாணத்துக்கும் கழுதை விட்டைக்கும் நிலத்தில் என்ன வித்தியாசம்? எழுதும்போது இரண்டையும் ஒன்றாகச் சொல்லலாமா?

எருக்குழி:
சொல்லாதீர்கள். நான் மூன்று கழுதை வளர்க்கிறேன். காய்ந்த விட்டை ஒன்றைக் கையில் எடுத்து உடைத்தால் உள்ளே நறுக்கிய வைக்கோல் மாதிரி நார் தெரியும், புல் விதையும் முழுசாகக் கிடக்கும். மாடு அசைபோட்டு அரைக்கிறது. கழுதை அசைபோடாது, அதற்கு நார் நொதிப்பது பின்குடலில்.

முதல் வருடம் தெரியாமல் பச்சை விட்டையைக் கத்தரிப் பாத்தியில் கொட்டிவிட்டேன். மூன்றாவது வாரம் கத்தரியைவிடக் களை உயரம். அந்தப் பாத்தியைக் கையால் களையெடுத்தே ஒரு மாதம் போனது, இன்னும் மனது ஆறவில்லை. இப்போது இடுப்பளவு உயரத்துக்கு அம்பாரம் போட்டு, மூத்திரம் ஊறிய வைக்கோலையும் கலந்து ஈரமாக வைக்கிறேன். நாலாம் நாள் நடுவில் குத்திய இரும்புக் கம்பியை உருவினால் கையில் பிடிக்க முடியாத சூடு. உள்ளே 55 டிகிரி தாண்டி சில நாள் நின்றால் பெரும்பாலான களை விதை செத்துவிடும். ஓரத்தில் அந்தச் சூடு வராது. அதனால் புரட்டும்போது வெளியில் இருப்பதை உள்ளே தள்ளியே ஆக வேண்டும்.

இன்னொன்றும் உங்கள் கட்டுரையில் வர வேண்டும். வெளியில் வாங்கும் வைக்கோலிலோ புல்லிலோ சில களைக்கொல்லிகள் தங்கியிருந்தால், அவை குடலைக் கடந்து எருவிலும் அழியாமல் வரும். ஒரு தொட்டியில் அந்த எருவைக் கலந்து அவரை விதை நாலு போடுங்கள். இலை சுருண்டு முறுக்கிக்கொண்டு வந்தால் அந்த எருவை வயல் பக்கம் கொண்டு போகாதீர்கள்.