பழைய பைத்தானில் மட்டும் ஒரு டெஸ்ட்டை ஸ்கிப் செய்வது எப்படி?

கம்பத்துக்காரன்:
குமுளியில் ஓர் ஏலக்காய்க் கடைக்கு எடைச்சீட்டு போடும் புரோகிராம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் லேப்டாப்பில் பைத்தான் 3.11. கடை கம்ப்யூட்டரில் விண்டோஸ் 7, அதில் 3.8க்கு மேல் போட முடியாது. சாக்குக்கு எவ்வளவு எடை கழிப்பது என்பதை ஒரு டாம்ல் ஃபைலில் (அமைப்புகளை எழுதிவைக்கும் எளிய டெக்ஸ்ட் ஃபைல்) வைத்திருக்கிறேன். அதைப் படிக்கும் டாம்ல்லிப் என்ற மாட்யூல் (பைத்தானோடு வரும் துணை நிரல்) 3.11இல்தான் வந்தது. அதனால் அதைச் சோதிக்கும் டெஸ்ட்டின் தலையில், நிபந்தனை பொருந்தினால் டெஸ்ட்டைத் தாண்டிவிடும் ஸ்கிப்இஃப் போட்டு, ஓடும் பைத்தானின் பதிப்பைச் சொல்லும் சிஸ்.வெர்ஷன் "3.11"ஐவிடச் சிறியதா என்று பார்க்கிறேன். ஆனாலும் கடையில் டெஸ்ட்டுகளை ஓட்டும் கருவியான பைடெஸ்ட்டை ஓட்டினால் மாட்யூல் இல்லை என்று அந்த டெஸ்ட் ஃபைலே விழுந்துவிடுகிறது. நேற்று முழுக்க இதோடுதான் மல்லுக்கட்டினேன்.

வாளையார்வாசி:
தம்பி, மாட்யூலை உள்ளே கொண்டுவரும் இம்போர்ட் வரி ஃபைலின் மேலே இருக்கிறதா? அந்த வரி முதலில் ஓடிவிடும், ஸ்கிப்இஃப் பக்கமே போகாது. இம்போர்ட்டை டெஸ்ட்டுக்கு உள்ளே இறக்குங்கள்.

கம்பத்துக்காரன்:
இறக்கிவிட்டேன் அண்ணே. மற்ற டெஸ்ட் எல்லாம் ஓடுகிறது. ஆனால் இது மட்டும் ஸ்கிப் ஆகாமல் ஓடித் தோற்கிறது.

செங்கோட்டை_மீனா:
சிஸ்.வெர்ஷன் வெறும் எழுத்துச் சரம். எழுத்தெழுத்தாக ஒப்பிட்டால் "3." வரை இரண்டும் ஒன்று. அடுத்து 8, இந்தப் பக்கம் 1. ஆக 3.8 தான் பெரியது என்று ஆகிவிடுகிறது! பதிப்பை எண்களாகத் தரும் சிஸ்.வெர்ஷன்_இன்ஃபோவை எடுத்து (3, 11) என்ற டியூப்பிளோடு, அதாவது எண் வரிசையோடு, ஒப்பிடுங்கள், எண்ணாகப் பார்க்கும்.

ஆனால் எனக்கு மனசு கேட்கவில்லை, ஒன்று சொல்லிவிடுகிறேன். சீட்டு அடிக்கப்போவது அந்த 3.8 தானே? அங்கேயே சாக்குக் கழிவைச் சோதிக்காமல் விட்டால், தப்பு விவசாயியின் சீட்டில்தான் போய் நிற்கும். டாம்ல்லிப் வருவதற்கு முன்பே டாம்லி என்ற தனிப் பேக்கேஜ் உண்டு, அதிலிருந்து பிறந்ததுதான் டாம்ல்லிப். 3.8இலும் ஓடும். டிரை (தோற்றால் மாற்று வழிக்குப் போகும் கட்டளை) போட்டு டாம்ல்லிப்பை இம்போர்ட் செய்யுங்கள், இல்லையென்றால் டாம்லி. இந்த டெஸ்ட்டுக்கு ஸ்கிப்பே வேண்டாம்.

வாளையார்வாசி:
மீனா சொல்வது சரி. 3.11இல் மட்டும் இருக்கிற வசதியைச் சோதிக்கும்போது ஸ்கிப் வையுங்கள், காரணத்தையும் எழுதுங்கள். பைடெஸ்ட்டை -ஆர்எஸ் கொடுத்து ஓட்டினால் எது ஏன் ஸ்கிப் ஆனது என்று காட்டும்.

கம்பத்துக்காரன்:
அக்கா, டாம்லி போட்டுவிட்டேன். கடையில் 14 டெஸ்ட்டும் பாஸ், ஒன்றுகூட ஸ்கிப் இல்லை. அப்புறம் முதலாளியை நிற்கவைத்து ஒரு மூட்டைக்குச் சீட்டு அடித்தேன். சாக்குக் கழிவு சரியாக விழுந்திருக்கிறது. இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி.