பி.எஃப் 3ஏ, 6ஏ படிவங்கள்: 13 வருடமாகக் கொடுக்கவில்லையா?

கேள்வி (மே 2025): மன்னார்குடி பக்கம் அரிசி ஆலை, கூட்டு நிறுவனம் (பார்ட்னர்ஷிப்), 26 பேர் வேலை. கணக்குப் பிள்ளை பொங்கலோடு ஓய்வு பெற்றுவிட்டார். அவர் பீரோவில் 2012 வரை 3ஏ (ஒவ்வொரு ஆளின் வருடாந்திர பி.எஃப் கணக்கு), 6ஏ (எல்லோருக்கும் சேர்த்த தொகுப்பு) நகல்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன, சணல் கயிற்றில் கட்டி, மேலே வருடம் எழுதி. அதற்கப்புறம் ஒரு தாள்கூட இல்லை. வயிற்றில் புளியைக் கரைக்கிறது.

பதில் 1: பயப்படாதீர்கள் தம்பி. 2012ல் ஈ.சி.ஆர் (மாதாமாதம் ஆன்லைனில் ஏற்றும் சலானும் ரிட்டர்னும்) வந்ததும் அந்த வருடாந்திரப் படிவங்கள் போய்விட்டன. ஆள்வாரிக் கணக்குதான் மாதாமாதம் ஏறுகிறதே. போன வருடத்து 12 மாதச் சலானும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பதில் 2 (கும்பகோணம், ஆடிட்டர் ஆபீஸில் வேலை): அண்ணன் சொல்வது சரி. ஆனால் சலான் இருந்தால் மட்டும் போதாது, தேதியையும் பாருங்கள். அடுத்த மாதம் 15க்குள் கட்டினீர்களா என்று 2024-25 வரித் தணிக்கையின் 3சிடி படிவத்தில் மாதவாரியாக எழுத வேண்டும்.

கேட்டவர்: 11 மாதம் சரி. ஜனவரிச் சம்பளத்துக்கு மட்டும் பிப்ரவரி 24. சம்பா நெல் வந்து களம் நிரம்பிய சமயம். வட்டியோடு முடியாதா?

பதில் 2: வட்டி பெரிதில்லை. ஆளுக்கு 12,000 சம்பளம் என்று வைத்தால், தொழிலாளி 12 சதவீதம், முதலாளி 12 சதவீதம், இரண்டு பங்கும் சேர்த்து 26 பேருக்கு 74,880. ஆண்டுக்கு 12 சதவீதம், 9 நாளுக்குச் சுமார் 220 ரூபாய். தாமத அபராதம் 2024 ஜூனிலிருந்து மாதத்துக்கு 1 சதவீதம், அது ஒரு 750. அடி விழுவது வருமான வரியில். சம்பளத்தில் பிடித்த தொழிலாளி பங்கு 37,440ஐ 15ஆம் தேதி தாண்டிக் கட்டினால் இந்த 2024-25 கணக்கில் செலவாகக் கழிக்க முடியாது. 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. கூட்டு நிறுவனத்துக்கு வரி 30 சதவீதம், அதன் மேல் 4 சதவீத செஸ்ஸோடு 11,681 ரூபாய். முதலாளி பங்குக்கு இந்தத் தொல்லை இல்லை. ரிட்டர்ன் கெடு தேதிக்குள் கட்டியிருந்தால் கழியும்.

பதில் 1: 9 நாளுக்கு 11,000மா! எங்கள் மில்லிலும் போய்ப் பார்க்கிறேன்.

கேட்டவர்: ஆடிட்டரிடம் தேதிப் பட்டியலைக் கொடுத்துவிட்டேன். கணக்குப் பிள்ளை இருந்தவரை 12ஆம் தேதியைத் தாண்டியதே இல்லை. அந்த 24ஆம் தேதி சலான் நான் கட்டியது. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.