சோவியத் திட்டமிடல் உடைந்தது கணக்கிலா, அதிகாரத்திலா?

(அளவுகோல், செங்காந்தள், வைகைக்கரை என்ற பெயர்களில் மூன்று பேர் நடத்தும் விவாதம்)

அளவுகோல்:
"சோவியத் பொருளாதாரத்தை வீழ்த்தியது வெளி நெருக்கடிதான், திட்டமிடலில் கோளாறு இல்லை" என்று செங்காந்தள் தோழர் எழுதியிருந்தார். ஆயுதப் போட்டியின் பாரத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் 1920இல் ஆஸ்திரியப் பொருளியலாளர் மீசஸ் கேட்ட கேள்விக்கு மாஸ்கோ கடைசிவரை பதில் சொல்லவில்லை. எந்திரத்துக்கும் நிலக்கரிக்கும் சந்தை இல்லையென்றால் உண்மையான விலையும் இல்லை. அப்புறம் ஒரு பாலத்தை எஃகில் கட்டுவது சிக்கனமா, கான்கிரீட்டில் கட்டுவது சிக்கனமா என்று எதை வைத்து முடிவெடுப்பது? டன்னையும் கனமீட்டரையும் கூட்டிப் பார்க்க முடியாதே.

செங்காந்தள்:
பதில் 1939இலேயே வந்துவிட்டது சார். லெனின்கிராட் பிளைவுட் நிறுவனத்தின் சிக்கல் ஒன்று கணிதவியலாளர் கான்டரோவிச்சிடம் வந்தது. மரம் உரிக்கும் எந்திரம் 8, மரவகை 5. ஒவ்வொரு எந்திரமும் ஒவ்வொரு மரத்தை ஒவ்வொரு வேகத்தில் உரிக்கும். எதை எதில் ஏற்றினால், வகைகளின் விகிதம் கெடாமல் உற்பத்தி உச்சத்துக்குப் போகும்? இதைத் தீர்க்கப் போய்த்தான் நேரியல் திட்டமிடல் என்ற கணித முறை பிறந்தது. அந்தக் கணக்கைப் போட்டாலே, கூடுதலாக ஒரு எந்திர மணி கிடைத்தால் உற்பத்தி எவ்வளவு கூடும் என்பதும் சேர்ந்து வந்துவிடும். அதுதான் விலை, சந்தை இல்லாமலே கிடைத்த விலை. 1975இல் பொருளியலாளர் கூப்மன்ஸோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கொடுத்தது இதற்காகத்தான்.

அளவுகோல்:
அதே கான்டரோவிச்சின் கதையை முழுசாகச் சொல்லுங்கள் தோழர். 1942இல் எழுதி முடித்த அவருடைய நூல் 1959 வரை அச்சேறவில்லை. பொருளின் மதிப்பு அதில் இறங்கிய உழைப்பால்தான் வருகிறது என்ற மார்க்சிய உழைப்பு மதிப்புக் கோட்பாட்டுக்கு அந்த விலைகள் ஒத்துவரவில்லை என்பதே காரணம். லெனின்கிராட் யெகோரோவ் ரயில்பெட்டி ஆலையில் எஃகுத் தகடு வெட்ட அவருடைய முறையைப் பயன்படுத்தினார்கள். கழிவு குறைந்தது. உடனே ஆலைக்குத் தலைவலி வந்தது. எஃகு உலைகளுக்கு இவ்வளவு பழைய இரும்பு அனுப்ப வேண்டும் என்று அந்த ஆலைக்கு ஒரு இலக்கு இருந்தது. கழிவே இல்லையென்றால் எதை அனுப்புவது? கணக்கு சரியாகத்தான் இருந்தது. சிக்கனம் செய்தவனுக்கு அந்த அமைப்பில் இடமில்லை.

வைகைக்கரை:
இரண்டு பேருமே ஓர் ஆலையைப் பற்றிப் பேசுகிறீர்கள். நாடு முழுவதற்குமான திட்டம் எப்படிப் போடப்பட்டது என்று பார்த்தால்தான் நோய் பிடிபடும். 1921இல் தொடங்கிய அரசுத் திட்டக் குழுவான கோஸ்பிளான், ஒவ்வொரு முக்கியப் பொருளுக்கும் ஓர் இருப்புநிலை ஏடு போடும். இடப்பக்கம் உற்பத்தி, இறக்குமதி, கையிருப்பு. வலப்பக்கம் தொழில், கட்டுமானம், ராணுவம், ஏற்றுமதி. இரண்டும் பொருந்த வேண்டும். இப்படி ஏறத்தாழ 2,000 பொருள்கள். மற்றவற்றை அமைச்சகங்களும் வழங்கல் துறையும் பார்த்துக்கொள்ளும்.

எஃகு போதவில்லை, கூட்டலாம் என்றால் நிலக்கரி கூட வேண்டும். நிலக்கரி கூட சுரங்க எந்திரம் வேண்டும். எந்திரத்துக்கு மறுபடி எஃகு. இந்தச் சுற்றை முழுசாகப் போட்டு முடிக்க நேரமும் இல்லை, கருவியும் இல்லை. ஓரிரு சுற்றோடு நிறுத்திவிட்டு மீதிப் பள்ளத்தை இரண்டு வழியில் மூடினார்கள். ஒன்று, "டன்னுக்கு இவ்வளவு நிலக்கரி போதும்" என்று தாளிலேயே அளவைக் குறைப்பது. மற்றொன்று, செருப்பு, துணி, வீடு போன்ற கீழ்வரிசைத் துறைகளின் பங்கை வெட்டுவது. கடை வாசலில் வரிசை முளைத்தது இந்த வெட்டில்தான்.

ஆலை மேலாளரும் சும்மா இருக்கமாட்டார். கேட்டதை வெட்டுவார்கள் என்று தெரிந்து கூட்டிக் கேட்பார். இந்த வருடம் 105 விழுக்காடு செய்தால் அடுத்த வருட இலக்கு அங்கிருந்துதான் தொடங்கும் என்பதால் திறமையை மறைப்பார். பொருள் தாமதமாக வந்துசேர, மாதக் கடைசிப் பத்து நாளில் இரவு பகலாக ஓட்டுவார்கள். தகட்டுக்கு டன் இலக்கு என்றால் தகடு தடிக்கும். சதுரமீட்டர் இலக்கு என்றால் மெலியும். எடைக் கணக்கால் சரவிளக்குகள் கனத்துப்போனதை நாட்டின் தலைவர் குருஷ்சேவே மேடையில் கண்டித்தார்.

செங்காந்தள்:
இதில் எதையும் மறுக்கவில்லை. ஆனால் "திட்டமிடலே முடியாது" என்ற முடிவுக்கு இது போதாது. 1942 பிப்ரவரியில் அமெரிக்கா சொந்த உபயோகக் கார் உற்பத்தியையே நிறுத்தியது. 1943இல் எஃகு, செம்பு, அலுமினியம் மூன்றையும் அரசே பங்கிட்டது. முதலாளித்துவத்தின் தலைநகரம் செய்த வேலை இது! அதற்கு முன்பு 1941இல் சோவியத் சுமார் 1,500 ஆலைகளைக் கழற்றி, ரயிலேற்றி, உராலுக்கும் சைபீரியாவுக்கும் கொண்டுபோய் மறுபடி ஓட்டியது. சந்தை விலையைப் பார்த்து யாராவது இதைச் செய்திருக்க முடியுமா? 1933இல் அமெரிக்காவில் நாலில் ஒரு தொழிலாளிக்கு வேலை இல்லை. 1928இல் 43 லட்சம் டன்னாக இருந்த சோவியத் எஃகு 1940இல் 183 லட்சம் டன்.

அளவுகோல்:
அந்த எஃகுக்கு உக்ரைனும் கசகஸ்தானும் கொடுத்த விலையையும் எழுதுங்கள். 1932-33 பஞ்சத்தில் லட்சக்கணக்கில் செத்தார்கள். தானிய ஏற்றுமதி அப்போதும் நிற்கவில்லை. அதை விட்டுவிட்டு எஃகைப் பேசுவதை என்னால் ஏற்க முடியாது.

போர்க்காலம் வேறு. "டாங்கி வேண்டும், விமானம் வேண்டும்" என்று இலக்கு ஒன்றிரண்டுதான். எதை விட்டுக்கொடுப்பது என்பதில் சண்டை இல்லை. 25 கோடி பேருக்கு எந்த அளவில் செருப்பு வேண்டும் என்பது அப்படியல்ல.

வைகைக்கரை:
திருத்தப் பார்த்தார்கள். 1965 செப்டம்பரில் பிரதமர் கொசிகின் மொத்த உற்பத்தி இலக்கை விட்டு, விற்பனையையும் லாபத்தையும் அளவாக வைத்தார். 1967இல் துலா வட்டாரத்து ஷ்சேகினோ ரசாயன ஆலையில் சம்பளத் தொகையை நிலையாக வைத்து, ஆளைக் குறைத்தால் மிச்சத்தில் ஒரு பங்கை இருப்பவர்களுக்கே கொடுக்கலாம் என்றார்கள். ஆட்கள் குறைந்தார்கள், உற்பத்தி ஏறியது. பிறகு அமைச்சகம் அந்தச் சம்பளத் தொகையிலேயே கைவைத்தது. ஆலைகளுக்குப் பாடம் புரிந்துவிட்டது.

ஹங்கேரி 1968இல் இன்னும் துணிந்து கட்டாய இலக்குகளையே எடுத்தது. கடைகளில் பொருள் வந்தது. ஆனால் நஷ்டமான ஆலையை அரசு ஒருபோதும் மூடவிடாது என்பது எல்லா மேலாளருக்கும் தெரியும். ஹங்கேரியப் பொருளியலாளர் கோர்னாய் சொன்ன 'இளகிய வரவுசெலவுக் கட்டுப்பாடு' இதுதான். என் நிலைப்பாடு: பொதுவுடைமை இருக்கட்டும், சந்தையும் இருக்கட்டும், ஆனால் திவால் என்பதும் இருந்தே ஆகவேண்டும்.

செங்காந்தள்:
திவாலில் தெருவுக்கு வருவது மேலாளரா, தொழிலாளியா? உங்கள் உதாரணங்களையே பாருங்கள். நாடு முழுக்கக் கணினி வலை விரித்து உண்மையான தரவைத் திரட்ட கணினி அறிவியலாளர் குளுஷ்கோவ் 1960களில் திட்டம் கொடுத்தார். நிதியமைச்சர் கார்பூசோவ் எதிர்த்தார். 1970 அக்டோபர் 1 அன்று கட்சியின் உச்சக் குழுவான பொலிட்பீரோ அதை வெட்டிச் சுருக்கிவிட்டது. தரவு வெளிச்சத்துக்கு வந்தால் அமைச்சகங்களின் பிடி போகும். ஆகவே கோளாறு அதிகாரத்தில்.

அளவுகோல்:
அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது? 1962 ஜூன் 1 அன்று இறைச்சி, வெண்ணெய் விலையை அரசு ஏற்றியது. நோவோசெர்காஸ்க் ரயில் எஞ்சின் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மறுநாள் துப்பாக்கிச் சூடு. 20 பேருக்கு மேல் செத்தார்கள். அந்தப் பயத்தில் இறைச்சி விலையைப் பல பத்தாண்டு தொடாமல், மானியத்தை ஊதவிட்டார்கள். விலை அரசின் கையில் இருந்தால் ஒவ்வொரு விலையும் ஆட்சிக்கே சவால். குளுஷ்கோவின் கணினி இதை எப்படித் தீர்க்கும்?

செங்காந்தள்:
கணினி தீர்க்காது. அந்த ஆலைத் தொழிலாளிக்குத் தனக்கென்று ஒரு சங்கம் இருந்திருந்தால், விலையேற்றம் அவனிடம் பேசித்தான் வந்திருக்கும். உற்பத்தி நிர்வாகத்தைத் தொழிற்சங்கங்களிடம் விடச் சொல்லி ஷ்லியாப்னிகோவும் கொலந்தாயும் 1920-21இல் கட்சிக்குள்ளேயே வாதாடினார்கள். 1921 மார்ச்சில் நடந்த கட்சியின் பத்தாவது மாநாட்டில் அந்தக் குரலை அடக்கி, கோஷ்டிகளுக்கே தடை போட்டார்கள். நான் அந்த மாநாட்டில் தோற்றவர்கள் பக்கம்.