சென்டரிங் (கான்கிரீட் இறுகும்வரை தாங்கும் பலகையும் முட்டுகளும்) பிரிக்கும் முன் கான்கிரீட்டை டெஸ்ட் பண்ணிய அனுபவம் உண்டா?

ஊட்டிசைட்:
டிசம்பர், ஊட்டி. ஸ்லாப் போட்டு 6-ம் நாள். முட்டு எடுக்க டிசைனர் கேட்ட பலம் சதுர மி.மீ.க்கு 15 நியூட்டன், மெச்சூரிட்டி சென்சார் (கான்கிரீட்டுக்குள் இருந்து சூட்டை அளந்து பலத்தைக் கணக்கிடுவது) 17 காட்டியது. முட்டுகளை எடுக்கச் சொல்லிவிட்டேன். சென்டரிங் மேஸ்திரி அசையவில்லை. பால்கனி ஓரத்துக்குக் கூட்டிப்போய்ச் சுத்தியலால் தட்டினார். உள்பக்கம் 'டிங்', ஓரத்தில் 'தொப்'. "சார், இது இன்னும் பச்சையா இருக்கு." ஆணியால் கீறினேன், மாவாக வந்தது. சென்சாரை பீமுக்குள் கட்டியதே நான்தான், கை எட்டிய இடம் என்று. பீமில் சிமெண்டின் சூடு தங்கும். 4 இன்ச் பால்கனிக்கு ராத்திரிக் குளிர்தான். அந்த 'தொப்' இன்னும் காதில் இருக்கிறது.

பழையஹேமர்:
மேஸ்திரியை ரொம்பக் கொண்டாட வேண்டாம். சத்தத்தை வைத்து எத்தனை நியூட்டன் என்று சொல்ல முடியுமா? மெஷினும் அப்படித்தான், அது வேறு விஷயம். ஊற்றி 2-ம் நாள் சுவரில் ரீபவுண்ட் ஹேமர் (அடித்துத் துள்ளும் அளவை வைத்துப் பலம் சொல்லும் கருவி) அடித்தே ஆகணும் என்றார் எங்கள் கன்சல்டன்ட். 12 இடத்தில் அடித்தோம், 12 குழி விழுந்தது. ரிப்போர்ட்டில் எழுத உருப்படியாக ஒரு எண்கூட இல்லை.

கியூப்பிரியன்:
காலேஜ் லேபில் அல்ட்ராசோனிக் டெஸ்ட் (கான்கிரீட்டுக்குள் ஒலி அலை போகும் வேகத்தை அளப்பது) பார்த்திருக்கிறேன். ஊற்றிய புதிதில் அலை நொடிக்குச் சில நூறு மீட்டர்தான் போனது, மறுநாள் 3,000-ஐத் தாண்டியது. என் கதை அவ்வளவுதான். ஆனால் ஊட்டி நண்பரே, சென்சாரை மெல்லிய ஓரத்திலும், கடைசி லாரி கொட்டிய இடத்திலும் வையுங்கள். அதே கலவையில் கியூப் (சோதனைக்கு வார்க்கும் கான்கிரீட் கட்டி) உடைத்து, சூடு-நேரத்துக்கு எவ்வளவு பலம் என்று வரைபடம் போடாமல் சென்சார் எண்ணை நம்பாதீர்கள். அதற்குத் தெரிந்தது சூடும் நேரமும்தான். லாரியில் யாராவது தண்ணீர் ஊற்றினால் தெரியாது. 27 டிகிரி தொட்டியில் ஊறிய கியூபும் உங்கள் பால்கனியும் ஒன்றல்ல. ஐஎஸ் 456 (இந்தியக் கான்கிரீட் விதிநூல்) ஸ்லாப் முட்டுக்கு 4.5 மீட்டர் அகலம் (ஸ்பான்) வரை 7 நாள், அதற்கு மேல் 14 நாள் சொல்வது, 15 டிகிரிக்குக் கீழே இறங்காத ஊருக்கு. 1978-ல் அமெரிக்காவின் வில்லோ ஐலண்டில், முந்தின நாள் ஊற்றிய கான்கிரீட் சாரத்தைத் தாங்காமல் கட்டிக்கொண்டிருந்த கூலிங் டவரின் உச்சி சாரத்தோடு சரிந்து 51 பேர் செத்தார்கள். அங்கேயும் குளிர்தான்.

ஊட்டிசைட்:
சார், கேட்டது அனுபவம்! சரி, லாரி விஷயம் குறித்துக்கொண்டேன். ஹேமர் அண்ணே, அவர் நியூட்டன் சொல்லவில்லை, பச்சை என்றார். அந்த முட்டுகளை 21-ம் நாள்தான் எடுத்தோம். அன்றைக்கும் அவர் ஒருதடவை தட்டிப் பார்த்தார்.