225 டயர் போட்டதிலிருந்து தடம் விழுந்த ரோட்டில் வண்டி அலையுது: டயர் கோளாறா, அலைன்மென்ட்டா?

கேட்டவர்:
முன்சக்கர டிரைவ் ஹேட்ச்பேக். கம்பெனி டயர் 195/65 ஆர்15 (அகலம் 195 மி.மீ., பக்கச்சுவர் அதில் 65 சதவீதம், ரிம் 15 இஞ்ச்), ரிம் அகலம் 6ஜெ (6 இஞ்ச்), ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து போல்ட் மாட்டுற முகம் எத்தனை மி.மீ. வெளியே தள்ளி இருக்குங்கற அளவு) இடி45. இப்போ 225/45 ஆர்17, ரிம் 7.5ஜெ, இடி35. நல்ல ரோட்டில் நூல் பிடிச்ச மாதிரி நேரா போகுது. லாரி ஓடி ஓடித் தடம் இறங்கிய லேனில் 60 தாண்டினாலே ஸ்டியரிங்கைப் பக்கவாட்டில் பிடுங்குது, பிரேக் தொட்டா இன்னும் மோசம். நீளவாக்கில் கோடு வெட்டின கான்கிரீட்டில் பிடுங்கல் இல்லை, ஆனா வண்டி லேசா நெளிஞ்சுக்கிட்டே போகுது. அலைன்மென்ட் பார்த்து "எல்லாம் பச்சை"ன்னு சொல்லிட்டாங்க. காற்று 38 பிஎஸ்ஐ. டயரைத் திருப்பிக் கொடுத்து வேற கேட்கலாமா?

டார்க்ரெஞ்ச்:
டயர்ல கோளாறு இருந்தா நல்ல ரோட்டிலேயும் ஒரே பக்கமா இழுக்கும். உங்களுக்கு இழுக்கிற பக்கம் ரோட்டைப் பொறுத்து மாறுது. இதுக்குப் பேர் ட்ராம்லைனிங். ஆனா நீங்க சொல்ற ரெண்டும் வேற வேற விஷயம், கலந்துடாதீங்க. தடத்தில் பிடுங்குறது சக்கரம் சாய்வில் ஏறுறதால. கான்கிரீட் கோட்டில் நெளியறது டயரின் நேர் வரிகள் அந்தக் கோடுகளில் மாட்டி மாட்டி விடுபடுறதால. அந்தக் கோடுகள் சாதாரணமா 3 மி.மீ. அகலம், 19 மி.மீ. இடைவெளி. நடுவில் நாலு நேர் வரி ஓடுற டயர்தான் அதில் அதிகம் நெளியும். அதனால ஆபத்து கிடையாது, எரிச்சல் மட்டும்தான். முதல்ல தடத்துப் பிரச்சினையைப் பாருங்க. அலைன்மென்ட் தாளில் இருக்கிற எண்களைப் போடுங்க, பச்சைங்கறது ஒரு பதிலே இல்லை.

மூணாவது கியர்:
ப்ரோ, காற்றை 40 ஆக்கிப் பாருங்க. ஸ்டியரிங் லேசாகும், அலையாது.

டார்க்ரெஞ்ச்:
இல்லங்க, நேர் எதிர். காற்று கூடினா பக்கச்சுவர் இன்னும் விறைக்கும், சாய்வில் டயர் வளைஞ்சு கொடுக்காது. 38-ஏ அதிகம். கதவு ஓரத்து ஸ்டிக்கரில் இருக்கிற அளவிலிருந்து ஆரம்பிக்கணும், அதுவும் வண்டி மூணு மணி நேரமாவது நின்ன பிறகு. அதுக்குக் கீழேயும் போகாதீங்க. டயரில் எக்ஸ்எல்-ன்னு (கூடுதல் சுமை தாங்குற டயர்) இருந்தா ஸ்டிக்கர் அளவுக்கு மேல 2, 3 பிஎஸ்ஐ வைக்கலாம்.

ஸ்ட்ரட்நட்:
ஏன் நடக்குதுன்னு புரிஞ்சா எதைத் திருத்தணும்னு தானா தெரியும். சக்கரம் திரும்புற அச்சை ஒரு கோடா நினைச்சு, அதைத் தரை வரைக்கும் நீட்டுங்க. அந்தப் புள்ளிக்கும் டயர் தரையைத் தொடுற இடத்தின் நடுவுக்கும் உள்ள தூரம்தான் ஸ்க்ரப் ரேடியஸ். இடி45-லிருந்து இடி35-க்கு வந்ததில் டயரின் நடு 10 மி.மீ. வெளியே போயிடுச்சு. டயரும் 30 மி.மீ. அகலம் கூடியிருக்கு, பக்கத்துக்கு 15. ஆக வெளி ஓரம் பழைய இடத்தைவிட 25 மி.மீ. வெளியே, உள் ஓரம் 5 மி.மீ. உள்ளே. தடத்தின் சாய்வில் ஒரு ஓரம் ஏறும்போது சுமை அங்கே குவியுது. அச்சிலிருந்து அந்த ஓரம் எவ்வளவு தள்ளி இருக்கோ, அவ்வளவு நெம்புகோல் ஸ்டியரிங் மேல. ரெண்டு முன்சக்கரமும் ஒரே மாதிரி தரையில் இருந்தா அந்த விசைகள் டை ராடில் (ஸ்டியரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கிற கம்பி) ஒன்றையொன்று ரத்து பண்ணிக்கும். ஒண்ணு சாய்விலும் இன்னொண்ணு சமதளத்திலும் இருந்தா மிச்சம் உங்க கைக்கு வரும். பிரேக் போட்டா அந்த விசைகளே பெரிசாகுது, அதான் அப்போ மோசம்.

இன்னொண்ணு, பழைய டயரின் பக்கச்சுவர் உயரம் 127 மி.மீ., இப்போ 101. முன்னே ரப்பர் வளைஞ்சு விழுங்கினதை இப்போ ஸ்டியரிங் வாங்குது.

கேட்டவர்:
தாளில்: முன் டோ (மேலிருந்து பார்த்தா சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிக்கிற கோணம், மைனஸ்னா வெளியே) இடது மைனஸ் 0.06°, வலது மைனஸ் 0.08°. அனுமதி பக்கத்துக்கு மைனஸ் 0.10 முதல் பிளஸ் 0.10. கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தா சக்கரத்தின் சாய்வு) மைனஸ் 0.5, மைனஸ் 0.6. கேஸ்டர் (சக்கரம் திரும்புற அச்சு முன்பின்னா சாயுற கோணம்) 4.1, 3.9. ஸ்டிக்கர் காற்று 33. டயரில் எக்ஸ்எல் இல்லை.

ஸ்ட்ரட்நட்:
கேம்பர், கேஸ்டர் ரெண்டும் சரி. கேஸ்டர் வித்தியாசம் அரை டிகிரிக்குள்தான் இருக்கு. ஆள் டோதான். மொத்தம் மைனஸ் 0.14°, அதாவது 17 இஞ்ச் ரிம் ஓரத்தில் அளந்தா சுமார் 1 மி.மீ. முன்பக்கம் வெளியே விரிஞ்சிருக்கு. டோ அவுட் இருக்கிற சக்கரம் எந்தச் சின்னக் காரணம் கிடைச்சாலும் அந்தப் பக்கம் ஓடப் பார்க்கும். பக்கத்துக்கு பிளஸ் 0.05 வைக்கச் சொல்லுங்க. அனுமதிக்குள்ளதான் இருக்கும், ஆனா உள்ளே பார்த்து நிக்கும். ஸ்டியரிங்கை நடுவில் பூட்டிட்டு ரெண்டு டை ராடையும் சமமா திருப்பணும். ஒரே பக்கம் திருப்பினா ஸ்டியரிங் கோணலா நிக்கும்.

அதுக்கு முன்னாடி ஆட்டம் இருக்கான்னு பாருங்க, இல்லேன்னா டோ வச்சதே வீண். நாலு சக்கரமும் தரையில், ஹேண்ட்பிரேக் போட்டு, இன்ஜின் ஓட, ஒருத்தர் ஸ்டியரிங்கை ரெண்டு விரல் அளவு இப்படியும் அப்படியும் ஆட்டணும். இன்னொருத்தர் டை ராட் எண்ட் மூட்டில் விரல் வச்சா, தேய்ஞ்சிருந்தா "டக்"குன்னு விரலில் தட்டும். லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே வண்டியோடு பிடிச்சு வைக்கிற கை) பின் புஷ்ஷை, அதாவது அதன் பின்பக்க ரப்பர் மூட்டை, டார்ச் அடிச்சுப் பாருங்க. ரப்பர் உலோகத்தை விட்டுப் பிரிஞ்சு பிளவு தெரிஞ்சா அதுவே போதும், பிரேக்கில் அந்த ஆர்ம் பின்னுக்கு நகர்ந்து டோவை மாத்திடும்.

கேட்டவர்:
வலது ஆர்ம் பின் புஷ் பிளந்திருந்தது. ரெண்டு பக்கமும் மாத்தியாச்சு. டோ பக்கத்துக்கு பிளஸ் 0.05, காற்று 33. தடத்தில் பிடுங்கல் பாதிக்கு மேல குறைஞ்சிருக்கு, பிரேக்கில் இப்போ நேரா நிக்குது. கான்கிரீட்டில் நெளியறது அப்படியே.

டார்க்ரெஞ்ச்:
அது அப்படித்தான் இருக்கும், டயர் வடிவத்தின் குணம். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்காதீங்க. கை லேசா இருந்தா வண்டி தானே நேராகும், திருத்தத் திருத்தத்தான் அலையும். தடத்தில் மாட்டினா லேனுக்குள்ளேயே ஒரு அடி தள்ளி ஓட்டினா சாய்வை விட்டு வந்துடலாம். அடுத்த செட் டயர் வாங்கும்போது நடுவில் நேர் வரி குறைவான டிசைன் எடுங்க. முழுசா போகணும்னா 205/55 ஆர்16, 6.5ஜெ, இடி45. சுற்றளவு பழைய டயரோடு அரை சதவீதத்துக்குள் ஒத்துவரும், ஸ்பீடோமீட்டர் மாறாது.

மூணாவது கியர்:
இருக்கிற ரிம்முக்கே 5 மி.மீ. ஸ்பேசர் போட்டா ஆஃப்செட் சரியாகாதா?

ஸ்ட்ரட்நட்:
ஸ்பேசர் சக்கரத்தை வெளியேதான் தள்ளும். இடி35 இடி30 ஆயிடும், இப்போ குறைச்ச பிடுங்கல் திரும்பி வரும்.