மறு: அசிட்டிக் அமிலத்துக்குக் 'காடியமிலம்' சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம். நம் வேதியியல் கலைச்சொல் பட்டியலில் அசிட்டிக் அமிலத்தைக் 'காடியமிலம்' என்றும் ஃபார்மிக் அமிலத்தை 'எறும்பமிலம்' என்றும் ஏற்றலாம் என்ற முன்மொழிவுக்கு என் மறுமொழி இது.

> இலத்தீனில் அசிட்டம் என்றால் காடி. ஆகவே காடியமிலம். ஃபார்மிக்கா என்றால் எறும்பு. ஆகவே எறும்பமிலம். இவ்வளவு எளிதான ஒன்றை ஏன் இழுத்துக்கொண்டே போகிறோம்?

இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது ஐயா. காடியமிலம் காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அசிட்டிக் அமிலம் தனித்து நிற்கும் சொல் அன்று. அசிட்டேட், அசிட்டைல், அசிட்டோன், அசிட்டமைடு, அசிட்டால்டிஹைடு என்று அதன் பின்னால் ஒரு பெருங்குடும்பம் வருகிறது. உயிர்வேதியியல் பக்கம் போனால் அசிட்டைல் கோஎன்சைம் ஏ, அசிட்டைல்கோலின். மருந்தியலில் அசிட்டைல் சாலிசிலிக் அமிலம். தலைச்சொல்லை மட்டும் மாற்றிவிட்டுக் குடும்பத்தை அப்படியே விட்டால், காடியமிலத்தின் உப்புக்கு அசிட்டேட் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று மாணவர் கேட்பார். அந்தக் கேள்விக்கு நம்மிடம் விடை இராது.

சரி, குடும்பத்தையும் மாற்றிப் பார்ப்போம். சோடியம் அசிட்டேட் 'சோடியம் காடியேட்டு' ஆகும், போகட்டும், பழகிவிடலாம். அசிட்டைல்? மெத்தில், எத்தில் போல 'இல்' சேர்த்தால் 'காடியில்'. அசிட்டைல் குளோரைடு 'காடியில் குளோரைடு' ஆகிவிடும். படிப்பவர் காடிக்குள் ஏதோ ஒரு குளோரைடைக் கரைத்திருப்பதாகத்தான் எடுத்துக்கொள்வார். ஃபார்மைல் தொகுதியின் கதி இன்னும் மோசம்: 'எறும்பில்'. ஏழாம் வேற்றுமை உருபு குறுக்கே வந்து நின்றுவிடுகிறது. மெத்திலையும் எத்திலையும் யாரும் இப்படிப் பிரித்துப் படிப்பதில்லை, அவை வேற்றுமொழிச் சொற்கள் என்பது பார்த்தவுடனே தெரிவதால். நல்ல தமிழ்ப் பெயர்ச்சொல்லோடு அந்த விகுதியை ஒட்டும்போதுதான் தகராறு. முன்மொழிவை ஆதரித்து எழுதிய மூவருமே இந்த இடத்தைத் தொடாமல் போய்விட்டார்கள்.

அடுத்தது காடி என்ற சொல்லே. பழைய ஆட்சியில் அது ஒரு வேதிப்பொருளின் பெயர் அன்று. புளிக்க வைத்தது எதுவானாலும் காடிதான். பெரும்பாணாற்றுப்படையில் 'காடி வைத்த கலன்' என்று வருமிடத்தில் உரைகாரர்கள் ஊறுகாய் என்று பொருள் கொள்கிறார்கள். புளித்த கஞ்சியும் காடி, வினிகரும் காடி. இதில் வேதியியலாருக்கு ஓர் இக்கட்டு உண்டு. கஞ்சி புளிக்கும்போது பெரும்பாலும் உண்டாவது லாக்டிக் அமிலம்; மாவுப்பொருளையும் சர்க்கரையையும் தின்று அதை உண்டாக்கும் நுண்ணுயிரிகளுக்கு ஆக்சிஜன் தேவைப்படுவதில்லை. வினிகரில் இருப்பது அசிட்டிக் அமிலம்; அதை உண்டாக்கும் அசிட்டோபாக்டர் வகை நுண்ணுயிரிகள் எத்தனாலை ஆக்சிஜனேற்றம் செய்பவை, காற்றில்லாமல் அவற்றுக்கு வேலை ஓடாது. அப்படியானால் காடியமிலம் என்பது இரண்டில் எது? போதாததற்கு, தனித்தமிழில் எழுதிய சிலர் காடியை அமிலம் என்பதற்கே பொதுச்சொல்லாக்கிக் கந்தகக்காடி என்று கந்தக அமிலத்தைக் குறித்திருக்கிறார்கள். அவர்கள் கணக்கில் காடியமிலம் என்றால் அமிலவமிலம்!

> ஐரோப்பியர் மட்டும் மூலப்பொருளின் பெயரை வைத்துக்கொள்ளலாம், நாம் வைத்தால் குற்றமா?

குற்றமில்லை. அவர்கள் வைத்ததற்கு வேறு வழி இருக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆங்கிலேய இயற்கையியலார் ஜான் ரே 1671-இல் எறும்புகளைக் காய்ச்சி வடித்தபோது மூலக்கூறு என்ற கருத்தே உருவாகவில்லை. வேதியியலார் ஷீலே 1780-இல் புளித்த பாலிலிருந்து லாக்டிக் அமிலத்தைப் பிரித்தார். அதே பொருள் தசையிலும் இருப்பது பின்னர்தான் தெரியவந்தது. எங்கே முதலில் கிடைத்ததோ அந்த இடத்தின் பெயர் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். பொருளின் இயல்பை அந்தப் பெயர்கள் சொல்வதில்லை.

ஆட்டு அமிலங்களைப் பாருங்கள். இலத்தீனில் கேப்ரா என்றால் ஆடு. அதிலிருந்து கேப்ராயிக், கேப்ரிலிக், கேப்ரிக் என்று மூன்று பெயர்கள். முறையே ஆறு, எட்டு, பத்து கார்பன் கொண்டவை. மூலத்தை மொழிபெயர்ப்பதுதான் முறை என்றால் மூன்றும் ஆட்டமிலம். அப்புறம் முதலாம் ஆட்டமிலம், இரண்டாம் ஆட்டமிலம் என்று எண் போட வேண்டியதுதான். எண் போடுவதென்று வந்துவிட்டால் ஹெக்சனாயிக், ஆக்டனாயிக், டெக்கனாயிக் என்று, கார்பன் எண்ணிக்கையை வைத்து அமையும் முறைப்பெயரே அந்த வேலையைச் செய்துவிடுகிறதே. புரொப்பியோனிக் அமிலத்துக்கு 1847-இல் பெயரிட்ட பிரெஞ்சு வேதியியலார் டூமா, கிரேக்கத்தில் 'முதல் கொழுப்பு' என்று பொருள்பட வைத்தார். கொழுப்பு அமிலங்களைப் போல நடந்துகொள்பவற்றில் மிகச் சிறியது என்பது அதன் பொருள். அதைத் 'முதற்கொழுப்பமிலம்' ஆக்கினால் ஏதோ கொழுப்பில் முதல் தரம் என்று தோன்றும்.

ஆக, ஒலிபெயர்ப்பே போதும் என்கிறேனா? அதுவும் இல்லை. ஒலிபெயர்ப்பிலும் குழிகள் இருக்கின்றன. மாலிக், மாலேயிக், மலோனிக் மூன்றும் வெவ்வேறு அமிலங்கள். முதலாவது ஆப்பிளிலிருந்து ஷீலே பிரித்தது. அதைச் சூடாக்கி நீரை வெளியேற்றிப் பெற்றது இரண்டாவது. முதலாவதை ஆக்சிஜனேற்றம் செய்து பெற்றது மூன்றாவது. அச்சில் ஒரு கொம்பு விடுபட்டால் ஒன்று இன்னொன்றாகிவிடும். இங்கே 'ஆப்பிள் அமிலம்' என்ற விளக்கப்பெயர் அடைப்பில் ஒருமுறை வந்தால் உண்மையிலேயே உதவும். ஆக்சாலிக் அமிலத்துக்கும் அப்படியே. ஆக்சாலிஸ் நம் புளியாரைச் செடியின் பேரினம். செடியின் பெயரிலேயே புளிப்பு இருப்பதால் 'புளியாரை அமிலம்' என்றவுடன் ஒரு பிடிப்பு கிடைக்கிறது. இவற்றை அறிமுக வரிகளில் தாராளமாக எழுதலாம், எறும்பமிலத்தையும்தான். எனக்கு உடன்பாடில்லாதது அவற்றைத் தலைச்சொல்லாக்கிப் பட்டியலில் ஏற்றுவது மட்டுமே.

தலைச்சொல்லாக அசிட்டிக் அமிலமே இருக்கட்டும், பக்கத்தில் அதன் முறைப்பெயரான எத்தனாயிக் அமிலம். 'முறைப்பெயர் வந்தபின் பழம்பெயர் எதற்கு' என்று ஒருவர் கேட்டிருந்தார். வேதிப்பெயர்களை வரையறுக்கும் பன்னாட்டு அமைப்பான ஐயுபேக்கின் 2013-ஆம் ஆண்டுப் பரிந்துரைகளிலேயே ஃபார்மிக், அசிட்டிக், ஆக்சாலிக், பென்சாயிக் ஆகிய பழம்பெயர்கள்தாம் விரும்பத்தக்க பெயர்களாக நிற்கின்றன. புரொப்பியோனிக்கும் பியூட்டிரிக்கும் அந்தத் தகுதியைப் பெறவில்லை. எனவே மூன்று கார்பன் முதல் முறைப்பெயரை முன்னால் வைக்கலாம். இலங்கை நூல்களின் அசற்றிக்கமிலம், காபொட்சிலிக்கமிலம் போன்ற வடிவங்களை மாற்றுவடிவமாகத் தந்துவிடுவோம். எது சரி என்ற சண்டையை இந்த இழையில் தொடங்க வேண்டாம், முடியாது.

எண்முன்னொட்டில் மட்டும் தமிழை விட்டுக்கொடுக்க மாட்டேன். மூன்று குளோரினைக் குறிக்க டிரைகுளோரோ எதற்கு? முக்குளோரோ இருக்கிறது. முக்கோணம், முக்கனி என்று பழகிய வாய்க்கு முக்குளோரோ அசிட்டிக் அமிலம் தானாக வரும். பாடமும் எளிதாகிறது. அமிலத்தின் வலிமையைக் காட்டும் எண் பி.கே.ஏ.; அது குறையக் குறைய வலிமை கூடும். அசிட்டிக் அமிலத்தின் பி.கே.ஏ. மதிப்பு 4.76, ஒரு குளோரின் ஏறினால் ஏறத்தாழ 2.9, இருகுளோரோவுக்கு 1.3, முக்குளோரோவுக்கு 0.7. குளோரின் எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்க இழுக்க அமிலம் வலுக்கிறது என்பது பெயரிலேயே எண்ணிக்கொண்டு போகலாம்போல் இருக்கிறது. (ஹெக்சனாயிக்கில் உள்ள ஹெக்சாவும் எண்தானே என்று மடக்குவீர்கள். அது பெயரின் உடலோடு கலந்துவிட்ட எண். இது வெளியிலிருந்து வந்து ஒட்டும் எண். வெளியிலிருந்து ஒட்டுவதை மட்டும் மொழிபெயர்க்கலாம்.)

உண்மையில் புதுச்சொல் தேவைப்படும் இடத்தை இழையில் யாரும் கவனிக்கவில்லை. நீர் கலவாத தூய அசிட்டிக் அமிலத்தை ஆங்கிலத்தில் கிளேசியல் என்ற அடைமொழியோடு சொல்கிறார்கள். 16.6 பாகை செல்சியசில் அது பனிக்கட்டி போன்ற படிகமாக உறைந்துவிடும். அறை சற்றுக் குளிர்ந்தாலே போதும். இதை 'உறைந்த அசிட்டிக் அமிலம்' என்று எழுதினால் புட்டியில் திரவமாக இருப்பதை எப்படி உறைந்தது என்பது? 'அடர் அசிட்டிக் அமிலம்' என்றால் எண்பது விழுக்காட்டுக் கரைசலும் அதில் அடங்கிவிடும். 'நீரற்ற அசிட்டிக் அமிலம்' பொருளளவில் மிகச் சரி, ஆனால் ஆபத்து: பக்கத்திலேயே அசிட்டிக் நீரிலி இருக்கிறது. அது இரண்டு அசிட்டிக் அமில மூலக்கூறுகளிலிருந்து ஒரு நீர் மூலக்கூறு போனபின் எஞ்சும் வேறு பொருள், நீர் பட்டால் வெப்பத்தோடு வினைபுரியக்கூடியது. நீரற்றதும் நீரிலியும் ஒரே செய்முறைத் தாளில் அடுத்தடுத்த வரிகளில் வந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். சொல்லழகைவிட ஆய்வகத்தில் கை எந்தப் புட்டியை எடுக்கிறது என்பதே முக்கியம்.

என் முன்மொழிவு: பனியுறை அசிட்டிக் அமிலம். பனிபோல் உறையும் என்பதை வினைத்தொகையாக வைத்திருக்கிறேன். உறைந்த, உறைகிற, உறையும் என மூன்று காலத்துக்கும் அது பொருந்துவதால் திரவநிலையிலும் பொய்யாகாது. 'உறை' மூடியையும் குறிக்குமே என்ற தடை வரலாம். பனி முன்னால் நிற்பதால் குழப்பம் வராது என்று நினைக்கிறேன்.

கூடவே வலிமையும் செறிவும் ஒன்றாகிவிடாமல் பார்த்துக்கொள்ள இந்தப் பொருளே நல்ல சான்று. பனியுறை அசிட்டிக் அமிலம் செறிவின் உச்சம், ஆனால் வலிமை குறைந்த அமிலம், நீரில் 0.1 மோலார் கரைசலாக்கினால் நூற்றுக்கு ஏறத்தாழ 1.3 மூலக்கூறுகளே அயனியாகின்றன. நம் பட்டியலில் 'வலுவான', 'அடர்' இரண்டும் சில பதிவுகளில் மாறி மாறி வந்திருக்கின்றன. கரைசலின் அளவைச் சொல்லும்போது செறிந்த, நீர்த்த என்றும், அயனியாகும் இயல்பைச் சொல்லும்போது வலிமை மிகு, வலிமை குறை என்றும் பிரித்துத் திருத்த யாராவது முன்வந்தால் நான் சரிபார்த்துத் தருகிறேன்.

பனியுறை வேண்டாம் என்பவர்கள் நீரிலியோடு மோதாத வேறொரு சொல்லைச் சொல்லுங்கள். மாலிக், மாலேயிக் இரண்டுக்கும் தெளிவான எழுத்துமுறை கிடைக்கும்வரை அந்த இரண்டு பதிவுகளையும் நிலுவையில் வைக்கலாம்.

அன்புடன்